யாரு திறந்துவிட்டது?

மனிதர்களில் ஒரு வகை உண்டு. பால் பொங்கி அடுப்பில் வழிகிறது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? அடுப்பை அணைப்போம். இந்த வகையினர் அணைக்க மாட்டார்கள். அடுப்படி வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "யாரு பாலை வச்சது?" என்று கேட்பார்கள். பதில் வந்தால், "யாரு இம்புட்டுப் பெருசாத் தீயை வச்சது?" என்று அடுத்த கேள்வி. பால் தீய்ந்து, பாத்திரம் கருகி, வீடு முழுக்கப் புகை மண்டிய பிறகு அவர்கள் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். பால் போனால் என்ன? ஆள் கிடைத்துவிட்டதே.

இவர்களை விசாரணைக்காரர்கள் என்று நான் அழைக்கிறேன். நின்றுபோன பஸ்ஸை எல்லாரும் இறங்கித் தள்ளும்போது, தானும் இறங்கி, தள்ளாமல், "கடைசியா இதைச் சர்வீசுக்கு விட்டது யாருங்க?" என்று கேட்டபடி கூடவே நடந்து வருகிறாரே, அவர். விழுந்து அழும் பிள்ளையைத் தூக்குவதற்கு முன் "யாரு இவனைத் தனியா விட்டது?" என்று நாலா பக்கமும் பார்க்கிறாரே, அவரும்தான்.

இவர்களைப் பார்க்க நீங்கள் வெளியே தேடிப் போக வேண்டும். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. என் பெரியப்பா ஞானராஜ் இருக்கிறார். அவரைப் பற்றிப் பெரியம்மா சகாயராணி சொல்வது இது: "கல்யாணமாகி வந்த அன்னைக்குச் சாயங்காலம் கரண்டு போயிருச்சு. எல்லாரும் மெழுகுவத்தி தேடுனாங்க. உங்க பெரியப்பா மட்டும் இருட்டுக்குள்ள நின்னு, யாரு சுவிச்சைத் தொட்டதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. அப்பவே நான் எங்க வீட்டுக்குத் திரும்பியிருக்கணும்."

பெரியப்பாவுக்குத் தாடிக்கொம்பு ரோட்டில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. விசாரணைக்காரர் ஒருவர் கையில் பெட்ரோல் பங்க் இருந்தால், அடுத்து அவருக்கு என்ன வேண்டும்? கேமரா வேண்டும். சாதாரணக் கேமரா போதாது என்று அவர் முடிவு செய்த நாளில்தான் மதுரையிலிருந்து ரொனால்டு என்ற விற்பனைப் பிரதிநிதி வந்து சேர்ந்தான். எண்ணெய்க் கிணறுகளிலும் எரிவாயு ஆலைகளிலும் மாட்டுகிற கேமராவை அவன் மேசை மேல் தூக்கி வைத்தான். மேசை முனகியது.

"மத்த கேமராவுக்குள்ள ஒரு சின்னப் பொறி பறந்தாக்கூட வெளியில காத்துல கலந்திருக்கற வாயு பிடிச்சுக்கும் சார். இதுல உள்ளுக்குள்ள பொறி பறந்தாலும் இந்த இரும்புக் கூட்டைத் தாண்டி வெளிய வராது. ஆபத்து வராமத் தடுக்கறதுக்குன்னே செஞ்சது."

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. பங்க்கு வெடிச்சு, நான் வெடிச்சு, நீ வெடிச்சு, எல்லாம் சாம்பலாப் போனப்புறம், யாரால வெடிச்சதுன்னு இதுல இருக்குமா?"

"பதிவு இருக்கும் சார். ஆனா பாக்கறதுக்கு ஆள் வேணுமே."

"அது என் கவலை" என்றார் பெரியப்பா.

கேபின் வாசலை ஒட்டிய தூணில் நாலு பேர் சேர்ந்து அதை ஏற்றினார்கள். படுக்கப் போட்ட பிரஷர் குக்கர் மாதிரி இருந்ததால் பங்க்கில் அதற்குக் குக்கர் என்றே பெயர் நிலைத்தது. சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து ஜெபித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். மறுநாள் கண்ணாடியில் ஒரு சொட்டுக் கறை. யார் வேலை இது என்று பெரியப்பா பழைய பதிவை ஓட்டிப் பார்த்தார். திரை முழுக்கச் சாமியாரின் முகம், சிரித்துக்கொண்டு, கையில் தீர்த்தத்தோடு. குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கியும் தண்டிக்க முடியாமல் போனது அந்த ஒரு வழக்கில்தான்.

குக்கர் வந்த பிறகு பங்க்கின் சட்டம் எளிதாகிவிட்டது. எது விழுந்தாலும், உடைந்தாலும், சிந்தினாலும், படத்தில் அதற்குப் பக்கத்தில் இருப்பவர் குற்றவாளி. சாய்ந்த போர்டை நிமிர்த்தி வைத்த, பெட்ரோல் போடும் மீரான்தான் சாய்த்தவர் என்று தீர்ப்பானது. யாரோ கொட்டிய ஆயில் மேல் மணல் போட்ட, அவரோடு வேலை பார்க்கும் மரியசெல்வி அக்காதான் கொட்டியவள். "இன்னொரு தடவை உன்னைப் படத்துல பாத்தேன், வீட்டுக்குப் போயிரு" என்று அவளுக்கு எச்சரிக்கை. அக்காவின் மகள் பிரிஸ்கில்லா நர்சிங் படிக்கிறாள். இந்த வேலை போனால் அந்தப் படிப்பும் போகும். அதன்பின் பங்க்கில் விழுந்தது விழுந்த இடத்தில் கிடந்தது. காற்றடிக்கும் குழாய் வழியின் குறுக்கே விழுந்து கிடந்தபோது, பாம்பைத் தாண்டுவதுபோல் எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். குக்கரால் பார்க்க முடியாத இடம் ஒன்றே ஒன்று: குக்கருக்கு நேர் கீழே. எங்காவது 'டமார்' என்று சத்தம் கேட்டால் போதும், மொத்தப் பங்க்கும் ஓடிவந்து அங்கே ஒண்டிக்கொள்ளும்.

அன்று வெள்ளிக்கிழமை. பெரியம்மா கொடுத்த சாப்பாட்டுத் தூக்கோடு நான் கேபினுக்குப் போயிருந்தேன். டேங்கர் லாரி பெட்ரோலை இறக்கி முடித்து, குழாயைக் கழற்றியும் ஆயிற்று. ஆனால் லாரியின் வால்வு சரியாக மூடவில்லை. சுண்டுவிரல் தண்டிக்குப் பெட்ரோல் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தது. மரியசெல்வி அக்கா கேபின் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"சார், லாரியில இருந்து பெட்ரோல் ஓடுது சார்!"

"யாரு திறந்துவிட்டது?"

"தெரியல சார். மூடட்டுமா?"

"தொடாதே! மூடுனவங்கதான் திறந்தவங்கன்னு ஆயிரும். இரு, பாத்துச் சொல்றேன்." பெரியப்பா பதிவைப் பின்னால் ஓட்டினார். இருப்பது ஒரே திரை. பழசு ஓடும்போது இப்போது நடப்பது அதில் தெரியாது. "பாத்தியாப்பா, இங்க தரை காஞ்சு கிடக்கு. அப்ப இன்னும் ஒழுகல" என்று எனக்குக் காட்டினார். திரையில் தரை காய்ந்துதான் கிடந்தது. திரைக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் அதே தரை பளபளத்தது.

"பெரியப்பா, முதல்ல மூடச் சொல்லிரலாமே" என்றேன்.

"நீ சாட்சி. அசையாம உக்காரு."

குக்கருக்குக் கீழே அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. மீரான், லாரி டிரைவர் காமராஜ், பெட்ரோல் போட வந்த ஒரு ஹெல்மெட்காரர். அவருக்கு விஷயம் தெரியாது. எல்லாரும் நிற்கிறார்களே என்று அவரும் நின்றார். பேசியது அத்தனையும் கேபினுக்குள் கேட்டது.

"காமராஜண்ணே, லாரி உங்களுது. போய் மூடுங்க."

"லாரிதான் எங்களுது. பெட்ரோல் உங்களுதாயிருச்சு. இறக்கியாச்சுல்ல?"

"அது தரையில இறங்குதுண்ணே!"

"அப்ப நீ போ மீரானு."

"நானா? ஒரு போர்டை நிமித்துனதுக்கே என்னைய ரவுடிங்கறாரு. சார், அந்த ஹெல்மெட்டைச் செத்த நேரம் குடுங்க. மூஞ்சி தெரியாமப் போய் மூடிட்டு வாரேன்."

ஹெல்மெட்காரர் அதை இரண்டு கையாலும் தலையோடு பிடித்துக்கொண்டார். "அப்புறம் படத்துல என் ஹெல்மெட்டுல்ல இருக்கும்? வேற ஆளைப் பாருங்கப்பு."

மீரான் மணல் வாளியை எடுத்து, இருந்த இடத்திலிருந்தே வீசினார். மணல் போகவேண்டிய தூரத்தில் பாதிகூடப் போகவில்லை. பெட்ரோல் சரிவைப் பிடித்து வாசல் கேட்டை நோக்கி நகர்ந்தது.

அப்போதுதான் சனாவுல்லா பாய் வந்தார்.

வெள்ளிக்கிழமை தோறும் கடை கடையாகச் சாம்பிராணி போடுகிறவர். கையில் தூபக்கால், அதில் கணகணவென்று கரி நெருப்பு. மற்றக் கடைகளில் உள்ளே நுழைந்து புகை காட்டுவார். பங்க்கில் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்று, மயில் விசிறியால் புகையை உள்ளே அனுப்பிவிட்டுப் போவார். அத்தனை விவரமான மனிதர். ஆனால் அன்று பெட்ரோலே அவரைத் தேடி வெளியே போய்க்கொண்டிருந்ததை அவர் எப்படி அறிவார்?

"பாய்! பாய்!" என்று மூவரும் கத்தினார்கள்.

இவ்வளவு ஆசையாக யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. "வாரேன், வாரேன்!" என்று சிரித்தபடி நடையை எட்டிப் போட்டார்.

மரியசெல்வி அக்கா ஒரு தடவை குக்கரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, படத்தின் நட்டநடுவே ஓடினாள். "பாய், அங்கனயே நில்லுங்க! பெட்ரோல்! நெருப்பைத் தூக்கிட்டுப் பின்னால போங்க!" பாய் பார்த்தார். விசிறியைப் போட்டுவிட்டு, தூபக்காலோடு தன் வயதுக்குச் சம்பந்தமில்லாத வேகத்தில் ஓடினார். அக்கா திரும்பி வந்து, வால்வின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துத் திருகினாள். ஒழுகல் நின்றது. கேபினுக்குள் பெரியப்பா, "கொஞ்சம் ஸ்லோவா ஓட்டுனாப் பிடிச்சிரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மணல் எல்லாம் போட்டு முடித்த பிறகு அவர் வெளியே வந்தார். லாரியைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"யாரு மூடுனது?"

"நாந்தான் சார்."

"எம்புட்டுத் திறந்திருந்தது, எந்தப் பக்கம் திருகியிருந்ததுன்னு இனிமே எப்படிப் பாக்கறது? விசாரணையே போச்சு. படத்துல இப்ப உன் கைதான் இருக்கு. நாளையில இருந்து நீ..."

"திறந்துவிட்டது யாருன்னு எனக்குத் தெரியும் சார்" என்றாள் அக்கா, முந்தானையில் கையைத் துடைத்தபடி.

பெரியப்பா சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்தார்.

"யாரு?"

"வேலையை விட்டுப் போறவ அதை எதுக்கு சார் சொல்லணும்?"

"உன்னை யாரு போகச் சொன்னது?"

"அப்பச் சரி சார். கூட்டம் நிக்குது. நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் கேட்டார். "இத்தனை பேரு முன்னாடியா சார்?" என்றாள். அடுத்த வாரம் தனியாகக் கேட்டார். "நின்னுக்கிட்டே சொல்ற விஷயமா சார் இது?" என்றாள். நாற்காலி வந்தது. "ஞாயிறு பூசைக்குப் போய் மனசைத் தெளிவாக்கிட்டு வந்து சொல்றேன்" என்றாள். ஞாயிறு லீவு வந்தது. பிரிஸ்கில்லா மூன்றாம் வருடத்துக்கு வந்துவிட்டாள். அக்கா இன்னும் சொல்லவில்லை. பெரியப்பா காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் பங்க்குக்குப் போன் போட்டு விசாரித்தது ஒன்றைத்தான்: மரியசெல்வி நல்லா இருக்காளா?

எனக்கு மட்டும் ஒருநாள் சொன்னாள்.

யார் என்று கேட்கிறீர்களா? ஏன்? வால்வை மூடியாகிவிட்டது. பாய் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார். யாருக்கும் ஒரு முடிகூடக் கருகவில்லை. அக்காவின் வேலையும் நிலைத்துவிட்டது. இதற்கு மேலும் தெரிந்தாக வேண்டுமா? டிரைவரா, மீரானா, ஒருவேளை அக்காவேதானா என்று மேலே போய் இன்னொரு முறை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கிறதா? தாராளமாகப் பாருங்கள். தனியாக உட்கார்ந்து பார்ப்பானேன்? தாடிக்கொம்பு ரோட்டுக்கே போய்விடுங்கள். பெரியப்பா இன்னும் அந்தத் திரை முன்னால்தான் இருக்கிறார். நகர்ந்து இடம் கொடுப்பார். ஆனால் உட்காருவதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்பார்:

"உங்களை யாரு உள்ள விட்டது?"