நானூற்றுப் பன்னிரண்டு ஜோடி முழங்கால் பேடுகள்

உலகத்தில் முழங்கால் இரண்டு முறை படைக்கப்பட்டது. முதல் முறை ஆண்டவனால். இரண்டாம் முறை, போன மார்ச் மாதம், பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியின் ஐந்தாம் மாடியில், ‘மூட்டு நலக் குழு’வால். முதல் படைப்பில் இருந்த குறைகள் இரண்டாவதில் களையப்பட்டதாகக் குழுத் தலைவர் சேஷகிரி எழுதி வைத்திருக்கிறார். ஆண்டவன் தரப்பிலிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை.

இத்தனைக்கும் காரணமாக இருந்த பெருமை ஞானம்மாளின் வலது முட்டிக்கு உரியது.

ஞானம்மாள் தங்கவயலிலிருந்து விடிகாலை ரயிலைப் பிடித்து வந்து, அந்தக் கம்பெனியின் வரவேற்புக் கூடத்தைத் துடைக்கிறவள். தரை கறுப்பு கிரானைட். நின்றபடி மாப் போட்டால் கோடு விழுகிறது. கோட்டை விருந்தினர் பார்த்துவிட்டால் கம்பெனியின் மானம் என்னாவது? ஆகவே மண்டியிட்டு, கையால்தான் துடைக்க வேண்டும் என்பது நிர்வாகம் பார்க்கும் சேஷகிரியின் உத்தரவு. உத்தரவு போட்டதோடு நிற்கிறவர் அல்ல அவர். தினமும் காலை ஒன்பது மணிக்குக் குனிந்து, தரையில் தன் டை முடிச்சு தெரிகிறதா என்று பார்ப்பார். ஒன்றரை வருஷமாகத் தெரிந்தது. அதே ஒன்றரை வருஷத்தில் ஞானம்மாளின் முட்டிச் சில்லின் மேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் வளர்ந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நீளக் கைப்பிடி வைத்த மாப்பால் துடைக்க அனுமதி. அவளை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியின் சூப்பர்வைசர் முனிராஜிடம் கேட்டாள். முனிராஜ் இளகிய மனசுக்காரர்.

“நானா வேணாங்கறேன் அக்கா? கோடு தெரிஞ்சா சார் உங்களையே மாத்திடுவார். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

“நான் பண்ணிக்கினுதான் இருக்கேன். முட்டிதான் பண்ண மாட்டேங்குது.”

ஒரு நாள் காலை சேஷகிரி குனிந்தபோது, டை முடிச்சுக்குப் பக்கத்தில் அந்த வீக்கமும் தரையில் தெரிந்தது. மனிதர் ஆடிப்போனார். நாளைக்கு இது நம் ‘ஊழியர்’ ஒருவருக்கு வந்தால்? மறுநாளே குழு பிறந்தது. அடுத்த வாரமே கூட்டம் கூடியது. பிசியோதெரபிஸ்ட் ஜோசஃபின் பேச அழைக்கப்பட்டார். ‘நேரடி விளக்க’த்துக்காக ஞானம்மாள் மேடை ஏற்றப்பட்டாள். அந்தக் கம்பெனியின் நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. ஏறுவதற்கு முன் மேடையை அவளே துடைத்திருந்தாள்.

“எலும்புக்கும் தோலுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு பை இருக்கு, பர்சான்னு பேர்,” என்றார் ஜோசஃபின். “உள்ள வழவழன்னு கொஞ்சம் தண்ணி. ஒண்ணோட ஒண்ணு உரசாம பாத்துக்கும். தினமும் மேலேயே அழுத்தினா பை வீங்கிடும். அதான் பர்சைட்டிஸ். இவங்களுக்கு மூட்டு தேஞ்சுபோகல. மூட்டுக்கு வெளியிலதான் வீக்கம். அழுத்தறத நிறுத்தினா பெரும்பாலும் வத்திடும். ஆனா செவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தா சீழ் பிடிச்சிருக்கலாம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாம ஆஸ்பத்திரி.”

ரித்விக் என்ற இளம் பொறியாளர், அழுத்தத்தை எப்படித் தவிர்ப்பது என்று தன் பஞ்சு மூட்டை இருக்கையில் சாய்ந்தபடி கவலையோடு கேட்டார்.

“மண்டி போடறத நிறுத்தணும்,” என்று ஜோசஃபின் சேஷகிரியைப் பார்த்துச் சொன்னார். “அறவே முடியலன்னா, தடிமனா பேட்.”

சேஷகிரி ‘பேட்’ என்று குறித்துக்கொண்டார். முதல் வாக்கியத்தின்போது அவர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இந்த வீக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘வேலைக்காரியின் முழங்கால்’ என்றே ஒரு பெயர் உண்டு என்றும் ஜோசஃபின் சொன்னார். கூட்டத்தில் சலசலப்பு. உழைப்பாளியின் கண்ணியத்தைக் காயப்படுத்தும் சொல் என்று குழு கண்டித்தது. நாற்பது நிமிட விவாதத்துக்குப் பின் ‘தரைசார் பணியனுபவ முழங்கால்’ என்று பெயர் மாற்றப்பட்டது. ஞானம்மாளுக்குக் கைதட்டினார்கள். வீக்கம் மட்டும் பெயர் மாறியது தெரியாமல் அப்படியே இருந்தது.

பேடுகள் வந்தன. நானூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களுக்கு நானூற்றுப் பன்னிரண்டு ஜோடி. ஒவ்வொன்றிலும் கம்பெனி முத்திரை, வரிசை எண். ஞானம்மாள் கணக்கில் வரவில்லை. முழங்கால் இந்தத் தரையில் பதிந்தாலும் சட்டப்படி அது ஏஜென்சியின் முழங்கால் என்று சேஷகிரி பொறுமையாக விளக்கினார்.

ஊழியர்கள் பேடுகளைக் கொண்டாடினார்கள். சிலர் லேப்டாப்புக்கு அடியில் வைத்தார்கள். சிலர் தலைக்கு வைத்து மதியம் கண்ணயர்ந்தார்கள். ரித்விக் குப்பைத் தொட்டியில் போட்டார். ஞானம்மாள் அதை எடுத்துத் தட்டி, யூனிஃபார்ம் பேண்டின் மேல் கட்டிக்கொண்டாள். பதினெட்டு நாளில் வீக்கம் பாதியாக வற்றியது. ரயிலில் யார் தோளையும் பிடிக்காமல் தானே ஏறினாள்.

பத்தொன்பதாம் நாள் சேஷகிரி பார்த்துவிட்டார். விசாரணை கூடியது.

“குப்பையில கெடந்துது சார்.”

“குப்பையும் கம்பெனி சொத்துதாம்மா.”

“அப்ப மாப்பாவது குடுங்க சார். இது இல்லாட்டி எனக்கு முட்டி போயிடும்.”

அந்தக் கோரிக்கை விசாரணை வரம்புக்குள் வராது என்று பதிவு செய்யப்பட்டது. போலீசுக்குப் போகவில்லை, கம்பெனி மனிதாபிமானம் மிக்கது. பேடுகளை அவிழ்த்து வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி, வேலைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அதிலிருந்து ஆறாம் நாள் முட்டி சிவந்து, சுட்டது. சாயங்காலம் காய்ச்சல். ஜோசஃபின் சொன்னதைக் கவனமாகக் கேட்டிருந்தவள் அவள் ஒருத்திதான். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். கீறிச் சீழ் எடுத்துப் படுக்கவைத்தார்கள். மறுநாள் காலை அவளுக்குப் பதிலாக முனிராஜ் சந்திரம்மா என்பவளை அனுப்பினார். ஒன்பது மணிக்கு டை முடிச்சு தெரிந்தது.

குழுவின் ஆண்டறிக்கையைச் சேஷகிரியே எழுதினார். கடைசிப் பத்தி இது: “வழங்கப்பட்ட பேடுகளில் நானூற்றுப் பதினொரு ஜோடி இன்றும் புதுக்கருக்கு அழியாமல் உள்ளன. நம் ஊழியர்கள் காட்டிய பொறுப்புணர்வுக்கு இதுவே சான்று. ஒரே ஒரு ஜோடி மட்டும், முழங்காலில் அணியப்பட்டதால், வீணாகிவிட்டது.”