மரு மருந்தின் மகத்தான வெற்றி

மனித குலம் மருவை வென்றது 1979 மார்ச் பதினான்காம் தேதி, புதன்கிழமை, மாலை நான்கு மணிக்கு என்று நெய்வேலி 'தொழிலாளர் ஆரோக்கிய மன்ற'த்தின் கூட்டக் குறிப்பு சொல்கிறது. அந்தச் செய்தி மைன்ஸில் வேலை பார்த்த வெள்ளைச்சாமிக்கு மட்டும் எட்டவில்லை. அவருக்கு மரு இருந்தது. வெளியே சொல்ல முடியாத இடத்தில் இருந்தது.

ஜனவரியிலேயே அவர் மன்றத்தின் மருந்தகத்துக்குப் போயிருந்தார். டாக்டர் பழுப்பு மருந்தைப் பஞ்சில் தொட்டு, மருவின் மேல் மட்டும் பூசினார். நாலு மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். ஆறு வாரம், வாரம் ஒருமுறை வர வேண்டும். முதல் வாரமே மரு சற்றுச் சுருங்கியது. வெள்ளைச்சாமிக்கு நடையே மாறிவிட்டது.

இரண்டாவது வாரம் வரிசையில் அவருடைய ஷிப்ட் ஆட்கள் ஏழு பேர் இருமலுக்காக உட்கார்ந்திருந்தார்கள். கடமை தவறாத கிளார்க் ராயப்பன் கணீரென்று கூப்பிட்டார்.

"மறைவிட மரு, வெள்ளைச்சாமி. யாருங்க?"

யாரும் இல்லை. வெள்ளைச்சாமி பஸ் ஏறிவிட்டார். அதன்பின் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

மார்ச்சில் மன்றம் கூடி மருந்தின் 'பலனை' ஆராய்ந்தது. பூசிக்கொண்டவர்கள் முப்பத்தொரு பேர். திரும்பி வந்து குறை சொன்னவர் ஒருவருமில்லை. ஆகவே முப்பத்தொரு பேரும் 'பூரண குணம்'. தீர்மானம் மிக்சர், டீயுடன் ஏகமனதாக நிறைவேறியது.

ஏப்ரலில் வெள்ளைச்சாமியின் மனைவி தனகோடிக்கும் மரு வந்தது. புருஷனிடம் விஷயத்தைக் கறந்தவள், அவரைக் கையோடு மருந்தகத்துக்கு இழுத்து வந்தாள்.

ராயப்பன் ஃபைலைப் புரட்டினார். "இவருக்குக் குணமாயிடுச்சுங்களே."

"இல்லீங்க, இருக்குது," என்றார் வெள்ளைச்சாமி, தரையைப் பார்த்து.

"தீர்மானமே போட்டாச்சுங்க. இப்ப மருந்து குடுத்தா மேல கேள்வி வரும்."

தனகோடி மேசையருகே வந்தாள். "வெக்கப்பட்டுகினு வூட்டுல குந்திகினு இருந்த மனுசன எதப் பாத்துங்க குணம்னு எழுதினீங்க? அவருக்குப் போயிட்டா எனக்கு எங்கேர்ந்து வந்துச்சு? சொல்லுங்க, இங்கியே காட்டச் சொல்றேன்."

வெள்ளைச்சாமி வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். வரிசையில் சிரிப்பு கிளம்பியது. இருமலுக்கு வந்திருந்த ஒருவர் மெல்ல எழுந்தார்.

"எனக்கும் இருமல் இல்லீங்க," என்றார்.

இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். சத்தம் கேட்டு வந்த டாக்டர், ஒவ்வொருவராக உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தி அதே பழுப்பு மருந்தைப் பூசினார். ஆறாவது வாரம் கணவன், மனைவி இருவருக்கும் மரு உதிர்ந்தது. நல்ல மருந்துதான்.

வெள்ளைச்சாமி இருமுறை குணமானார் என்று மன்றத்தின் புதிய அறிக்கை பெருமையுடன் பதிவு செய்தது. அதில் பொய் எதுவும் இல்லை. முதல் முறை அவரைக் குணப்படுத்தியது பேனா. இரண்டாம் முறைதான் மருந்து.