பன்னிரண்டாயிரம் வாட்ஸும் அத்தானின் இடது கையும்

பெரிய எண்ணைப் பார்த்தால் என் புத்தி வேலைநிறுத்தம் செய்துவிடும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்பது மட்டும் காரணமில்லை (அதுவும்தான்). மார்க்காக இருந்தாலும், நெல் மூட்டையாக இருந்தாலும், மோட்டாரின் குதிரைசக்தியாக இருந்தாலும் பெரிய எண்தான் நல்ல எண் என்று நம்பி வளர்ந்தவன் நான். அந்த நம்பிக்கையால் உங்கள் போலகம் மாமாவுக்கு நான் செய்த கெடுதலை, பிள்ளைகளே, நீங்கள் இருவரும் சிரிப்புக் கதையாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். சிரிப்பு வராத பாதியையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

நீங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர் எனக்கு அத்தான். அக்காவின் புருஷன். தவில் வாசிப்பவர். தவிலின் வலது பக்கம் விரல்களில் கூடு மாட்டி வாசிப்பது, படபடவென்று பேசும். இடது பக்கம் குச்சியால் அடிப்பது. வயிற்றுக்குள் இறங்குகிற அந்தத் ‘தொம்’ அங்கேதான் இருக்கிறது. அத்தானுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த இடது கைதான்.

நம் வீட்டுக்குப் பாட்டு செட் வாங்க நான் காரைக்கால் போனேன். கடைக்காரர் இரண்டு பெட்டி காட்டினார். ஒன்றில் சத்தம் 40 முதல் 20,000 வரை என்று போட்டிருந்தது. இன்னொன்றில் 120 முதல் 20,000 வரை. நாற்பது பெரிதா, நூற்றிருபது பெரிதா? போதாததற்கு அந்த இரண்டாவது பெட்டியின் மேல் ‘12,000 வாட்ஸ்’ என்று என் உள்ளங்கை அகலத்துக்கு அச்சடித்திருந்தார்கள். கடைக்காரர், “அண்ணே, பாஸ் நல்லா வேணும்னா...” என்று ஆரம்பித்தார். எனக்குத் தெரியும் தம்பி என்று கையமர்த்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

சுரக்குடி வந்து பிரித்தால் ஸ்பீக்கரின் வாய் ஒரு அதிரசம் அளவுக்கு இருந்தது. பாஸ் என்கிற அடிச்சத்தம் வரவில்லை. அசருகிற ஆளா நான்? இரண்டு மண்பானை வாங்கி, ஆளுக்கொரு பானை வாயில் ஸ்பீக்கர்களைக் கவிழ்த்து வைத்தேன். அன்றிலிருந்து பேசுகிறவர் பாடுகிறவர் எல்லாம் கிணற்றுக்குள் விழுந்துவிட்ட மாதிரி கேட்டார்கள். அதுதான் பாஸ் என்று நானும் நம்பினேன். (உங்கள் அம்மா, “செய்தி படிக்கிறவருக்கு என்ன, சளியா?” என்று கேட்டாள்.)

அந்தக் கார்த்திகை மழையில் அத்தான் வண்டியோடு வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். தை பிறப்பதற்குள் கூடிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அதே சமயத்தில்தான் ஒரு நாதஸ்வர வித்வான், தையிலிருந்து வைகாசி வரை கல்யாணங்களுக்குத் தன்னோடு வாசிக்க ஒரு தவில்காரரைத் தேடிக்கொண்டிருந்தார். அத்தானைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். கை முறிந்ததையும் கேள்விப்பட்டிருந்தார். திருநள்ளாறு வரும்போது வாசிப்பை ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். கோயிலில் வாசித்ததை அத்தான் போனில் பதிந்து வைத்திருந்தார். கட்டுப் போட்ட கைக்காக அந்தப் பதிவுதான் பேச வேண்டும்.

திருநள்ளாற்றுக்கு நம் வீடு பக்கம் என்பதால் இங்கேயே வரச் சொல்லியிருந்தோம். அத்தான் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஒரு ஹெட்போனோடு வந்தார்.

“மாப்ளே, இத காதுல மாட்டிவிட்டா போதும். இடது சுத்தமா விழுது.”

“வித்வான் காதுல ஒயர மாட்டுறதா? மரியாதையா இருக்காது அத்தான். நம்ம செட்டுல கேக்கட்டும். பன்னெண்டாயிரம் வாட்ஸு.”

அக்கா சந்தேகத்தோடு என்னைப் பார்த்தாள். வீடு அதிரும் பாரு என்று சொல்லிவிட்டு ஹெட்போனைப் பீரோ மேல் தூக்கிப் போட்டேன்.

வித்வான் வந்தார். காபி குடித்தார். நான் பதிவைப் போட்டேன். வலது கை தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி கொட்டியது. இடது விழ வேண்டிய இடத்தில், பக்கத்து வீட்டில் யாரோ சூட்கேஸை மூடுகிற மாதிரி ஒரு ‘பொத்’. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த வித்வானின் கை அந்த இடம் வரும்போதெல்லாம் நின்று காத்திருந்தது. நாலைந்து தடவை காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

“இடது எங்கங்க?”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வால்யூமைக் கடைசி வரைக்கும் திருகினேன். சத்தம் துணி கிழிகிற மாதிரி கிழிந்தது. பானை நடுங்கியது. கர்ரென்று ஒரு இழுப்பு, கருகல் வாடை, பிறகு பானை வாயிலிருந்து சாம்பிராணி போட்ட மாதிரி புகை. பாட்டு நின்றுவிட்டது. (இந்த இடத்தில்தான் நீங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.)

நான் பீரோ மேல் ஹெட்போனைத் துழாவிக்கொண்டிருந்தேன். வித்வான் எழுந்துவிட்டார்.

“வேணாங்க, கேட்டுட்டேன். மொதல்ல கையைப் பாத்துக்குங்க.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அத்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மாவுக்கட்டின் மேல் போட்டு மூடிக்கொண்டார்.

கருகின ஸ்பீக்கரையும் ஆம்பிளிஃபயரையும் காரைக்காலில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஆம்பிளிஃபயரைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். எறும்பு எழுத்தில் இருபது வாட்ஸ் என்று இருந்தது. பன்னிரண்டாயிரம் அட்டைப்பெட்டிக்கு மட்டும்தானாம். 40, 120 என்பதெல்லாம் சத்தம் எந்த அடியிலிருந்து ஆரம்பிக்கிறது என்கிற கணக்காம். அந்த எண் சின்னதாக இருந்தால்தான் பாஸ் ஆழமாக இறங்குமாம். உலகத்தில் சின்ன எண் ஜெயிக்கிற இடத்தில் நான் பெரிய எண்ணைத் தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறேன். சத்தத்தைக் கூட்டி வைத்தால் பாஸ் வந்திருக்காதா என்று கேட்டேன்.

“நீங்க வயக்காரர்தானே? அரை இஞ்சு பைப்புல எத்தன எச்பி மோட்டார மாட்டினாலும் வாய்க்கால் தண்ணி வருமா? பைப்புதான் பிச்சிக்கும். ஒங்க மோட்டாரும் சின்னது. அதப் போட்டு முறுக்கிட்டீங்க.”

பிறகு என் போனில் ஏற்றி வைத்திருந்த அந்தப் பதிவைத் தன்னிடமிருந்த பன்னிரண்டு இஞ்சு ஸ்பீக்கரில் போட்டார். அத்தானின் இடது கை வந்தது. மேஜை மேலிருந்த திருகாணிகள் குதித்தன. என் நெஞ்சிலும் இடித்தது. கடையில் நின்று ஒரு ஆம்பளை அழக்கூடாது என்று வெளியே போய் நின்றேன்.

அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து, ஹெட்போனை எடுத்துக்கொண்டு வித்வான் வீட்டுக்குப் போனேன். பாதியில் கழற்றிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

“இத அன்னைக்கே குடுத்திருக்கக் கூடாதா தம்பி? நேத்துதான் வேற ஒருத்தருக்குத் தாம்பூலம் குடுத்தேன்.”

அந்த வருஷம் தையிலிருந்து வைகாசி வரை தவில் உறைக்குள்ளேயே கிடந்தது. அத்தான் அப்போதுதான் கூடின மணிக்கட்டோடு நெல் மூட்டை தூக்கினார். மறு வருஷம் வேறொரு மேள செட்டில் சேர்ந்து, இப்போது நன்றாக இருக்கிறார். ஆனாலும் அந்த ஒரு வருஷம் என் கணக்கில்தான் இருக்கிறது.

இன்றைக்கும் நான் எதையாவது பெரிதாகச் சொன்னால் உங்கள் அத்தை கேட்பாள்: “இது பெட்டி மேல போட்டதாடா, பின்னாடி போட்டதா?” வீடே சிரிக்கும். அத்தானும் சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்து முடிக்கிற வரைக்கும் அவருடைய அந்தக் கையைப் பார்க்க மாட்டேன்.