ராஜபார்ட் குளிக்கப் போனார்

வீட்டில்தான் வாயைத் திறக்க வழியில்லை, மேடையிலாவது ராஜாவாக வாழ்ந்துவிட்டுத்தான் மறுவேலை என்று தென்காசி வீரபாகு முடிவு கட்டினார்.

சென்னை இசை நாடகக் கம்பெனி ஒன்று குற்றாலத்துக் கல்யாண மண்டபத்தில் ஆள் எடுத்தது. ராஜபார்ட் வேஷம் காலி. பள்ளிக்கூட நாளிலிருந்து வீரபாகுவுக்கு அந்த ஒரே ஆசைதான். ஆனால் மனைவி லோகநாயகி முன்பே தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

"ஆறு மாசம் ஊர் ஊராச் சுத்தப் போறியளோ? அப்போ வயலை யாரு பாப்பா?"

நல்லவேளை, சாரல் சீசன் கைகொடுத்தது. "அருவிக்குக் குளிக்கப் போயிட்டு வாரேன் லோகு" என்று எண்ணெய்ப் புட்டியும் துண்டுமாகக் கிளம்பினார். குளிக்கப் போகிறவன் செல்போன் கொண்டுபோவானா? அதை அலமாரியிலேயே வைத்தார். திட்டம் என்றால் அப்படியொரு திட்டம்!

மண்டபத்தில் பாடினார். ஆர்மோனியக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்து ராணியை அதட்டும் வசனம். கல்யாணமான நாளிலிருந்து தொண்டையில் சிக்கிக் கிடந்த அதட்டல் மொத்தமும் வெளியே வந்து விழுந்தது.

"மத்தியானத்துக்குள்ள போன் பண்றோம் சார்" என்றார் மேனேஜர். வீரபாகு நம்பரைக் கம்பீரமாகச் சொன்னார். அருவிப் பக்கம் போனால் தெரிந்தவர் கண்ணில் படுவோமே என்று மண்டபத்துக் குழாயிலேயே தலையை நனைத்துக்கொண்டார். போன் எங்கே இருக்கிறது என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

"குளிச்சியளா?" என்றாள் லோகநாயகி.

"ஆமாட்டி! மெயின் அருவில என்னா தண்ணி! முதுகுல தொம்மு தொம்முன்னு விழுது. கூட்டமும் இல்ல."

"இங்கன ஒரு போன் வந்துச்சு. ராஜபார்ட்டுக்கு உங்களை எடுத்துட்டாங்களாம்."

வீரபாகுவுக்குத் தலைகால் புரியவில்லை. பல்லைக் கடித்துச் சந்தோஷத்தை அடக்கினார்.

"நான் விடுவனா? எங்க வீட்டுக்காரரு அருவில குளிச்சிக்கிட்டிருக்காரு, எவனோ அவரு பேரைச் சொல்லி உங்களை ஏமாத்திருக்கான்னுட்டேன். இந்தா, திரும்பக் கூப்பிடுதாங்க. நீங்களே சொல்லிருங்க."

போன் கைக்கு வந்தது. லோகநாயகி இமைக்காமல் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் சிம்மாசனம் உண்டு, அப்புறம் வீட்டில் சோறு உண்டா என்பதுதான் சந்தேகம்.

"ஆமா சார்" என்றார், குரலை மாற்றிக்கொண்டு. "நான் குளிக்கத்தான் போனேன். அங்க வந்தது வேற ஆளு. அடுத்தவருக்கே கொடுத்திருங்க."

போனை வைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

"ஈரத்தலையோட நிக்காதிய" என்று துண்டை நீட்டினாள் லோகநாயகி. "வெள்ளம் வந்து, காலையில இருந்தே எல்லா அருவிலயும் குளிக்கத் தடைன்னு டிவில சொல்லுதான்."