ஒரு விருந்தாளி, மூன்று மெஷின்

மெஷின் மறுபடியும் நின்றது. மொட்டைமாடி இரைச்சல் அறுந்ததும் முகாமையாளர் செல்லச்சாமி தொலைபேசியைப் பார்த்தார். சற்று நேரத்தில் அது அடித்தது.

"ஹென்ரிக் தொரைதான். ஏசி இல்லையாம். போய்ப் பாருங்க நானா."

மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் இத்ரூஸ் படியேறினார்.

கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதலுக்குப் பிந்திய மாதங்கள் அவை. தம்புள்ளைக்கு அருகிலிருந்த அந்த ஹோட்டலில் எண்பது அறைகள். தங்கியிருந்தவர் ஒருவர். டென்மார்க்கிலிருந்து வந்த கிழவர் ஹென்ரிக். அவரும் போய்விட்டால் ஹோட்டலை மூடிவிடும்படி முதலாளி சொல்லியிருந்தார்.

கட்டடம் முழுவதையும் குளிரவைக்கும் மூன்று பெரிய மெஷின்களும் இத்ரூஸின் பொறுப்பு. மாத்தளைப் பக்கம் அப்படிப்பட்ட மெஷின் வேறெங்கும் அவருக்குத் தெரிந்து இல்லை. ஹோட்டலை மூடினால் சொந்த ஊரான யட்டவத்தைக்குப் போய் மிளகு காயவைக்க வேண்டியதுதான்.

நின்ற மெஷினை உடனே ஓட்ட முடியாது. அரைமணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். அதுவரை துரை கோபப்படாமலிருக்க இத்ரூஸ் அவர் அறையில் உட்கார்ந்திருப்பார். துரை தேநீர் ஊற்றுவார். கெரம் பலகையை எடுத்துப் போடுவார். இத்ரூஸ் தெரிந்த இங்கிலீஷில் பழைய நாட்களைச் சொல்வார். மூன்று மெஷினும் சேர்ந்து ஓடியதில் மாடி அதிர்ந்தது, பெரஹரா திருவிழாச் சமயத்தில் அறை கிடைக்காத ஜெர்மன்காரர்கள் சோபாவில் தூங்கியது. கேட்டுக்கொண்டே துரை சிவப்புக் காயைத் தவறவிடுவார்.

"ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடட்டும். ரெண்டையும் போடுங்க," என்றார் செல்லச்சாமி.

இரண்டும் நின்றன. மூன்றையும் போட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்றும் நின்றன. இன்னும் சீக்கிரமாக.

இத்ரூஸுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"மெஷின்ல கோளாறு இல்ல சேர். ஆள் இல்ல, அதான் கோளாறு."

"என்ன சொல்றீங்க?"

"எண்பது ரூமுக்குத் தண்ணியக் குளிராக்குற மெஷின். ஒரு ரூம் எவ்வளவு குளிர எடுக்கும்? தண்ணி ஐஸாகப் போகுதுண்டு பயந்து அதுவே நிண்டுருது. மூணையும் போட்டா இன்னும் வெள்ளன நிக்கிது."

"ஆளுக்கு இப்ப எங்க போறது?"

"ஆள் வேணாம் சேர். சூடு போதும்."

காலியான அறைகளிலெல்லாம் ஏசியைப் போட்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். தம்புள்ளை வெயில் உள்ளே வந்தது. மெஷின் ஓடியது. வெயிலோடு குரங்குகளும் வந்தன.

அறைகளைச் சுத்தம் செய்யும் அழகம்மா இறங்கி வந்தாள்.

"மூணாம் மாடியில ரெண்டு குரங்கு கட்டில்ல படுத்திருக்குங்க."

"போத்திக்கிட்டா?" என்றார் செல்லச்சாமி.

"இன்னும் இல்லீங்க."

"விடு. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஆளு வந்திருக்கு."

மெஷின் நிற்கவே இல்லை. தொலைபேசியும் அடிக்கவில்லை. செல்லச்சாமி சீட்டியடித்தபடி நடந்தார். இத்ரூஸ் மெஷின் அறையில் தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்தார். அது அவ்வளவு ருசியாக இல்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில் துரை பெட்டியோடு வரவேற்பறைக்கு வந்தார். சாவியை மேசையில் வைத்தார்.

"கூலிங் ஓகே, சேர்?" இத்ரூஸ் தயங்கிக் கேட்டார்.

"வெரி குட்," என்றார் துரை. இத்ரூஸின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். பிறகு வேனில் ஏறினார்.

வேன் கேட்டைத் தாண்டியது.

"எல்லாத்தையும் சரி பண்ணிட்டோமே," என்றார் செல்லச்சாமி. "அப்புறம் ஏன் போறாரு?"

படியைத் துடைத்துக்கொண்டிருந்த அழகம்மா நிமிர்ந்து இத்ரூஸைப் பார்த்தாள்.

"எப்பவும் போல ரூம் ஏசி சுவிட்ச நிப்பாட்டிட்டு காத்துக்கிட்டுத்தான் இருந்தாரு நானா. இந்தத் தடவ மெஷினும் நிக்கல, நீங்களும் வரல."