குபூஸ் தின்ற துப்பாக்கி

மூன்று வீடியோ பார்த்தவனுக்கு வருகிற தைரியம், முப்பது வருஷம் வேலை பார்த்தவனுக்கு வராது. இது எனக்குப் புரிவதற்காக, நூறு வயதைத் தாண்டிய ஒரு துப்பாக்கி தன் குரலை இழக்க வேண்டியிருந்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மெக்கானிக்கல் படித்துவிட்டு, துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் பழைய துப்பாக்கிகளைப் புதுப்பித்துத் தரும், லைசென்ஸ் உள்ள ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தேன். வருகிற துப்பாக்கிக்கு அட்டை கட்டி, நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் என் வேலை. (சிவகாசியில் அம்மா சொல்லிவைத்திருந்தது வேறு: "பையன் ஆயுதத் துறையில இருக்கான்.") துப்பாக்கியைத் தொட்டு வேலை செய்கிற உரிமை ஒரே ஒருவருக்குத்தான். அவர் பெஷாவர்க்காரர். எல்லோரும் உஸ்தாத் என்று கூப்பிடுவோம். அவருடைய லேத் பக்கம் நான் போனாலே, ஆட்டை விரட்டுவது போல நாக்கால் ஒரு சத்தம் போடுவார்.

ஒரு நாள் மலைப்பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் பாபா. போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தது ஒற்றைத் தோட்டா ரைபிள். கீழே உள்ள நெம்புகோலை இழுத்தால் வாய் திறக்கும், ஒரு தோட்டா போடலாம், ஒரு முறை சுடலாம், அவ்வளவுதான். பாபாவின் கல்யாணத்தில் அவருடைய அப்பா அதைச் சுட்டாராம். பன்னிரண்டு நாளில் பேரனுக்குக் கல்யாணம். அதில் பாபா சுட வேண்டும். போலீஸ் அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது, சத்தம் மட்டும் வருகிற வெற்றுத் தோட்டாதான். ஆனால் அந்தத் துப்பாக்கிக்கான தோட்டாவை இப்போது உலகத்தில் யாரும் செய்வதில்லை.

"இப்போது கிடைக்கிற சின்னத் தோட்டாவுக்கு மாற்றிவிடலாம்" என்றார் உஸ்தாத். பேரலுக்குள் இன்னொரு குழாயைச் செருகுகிற வேலை. அதற்கு முதலில் தோட்டா உட்காரும் குழியின் அளவு சுத்தமாகத் தெரிய வேண்டும். லேசான சூட்டில் உருகுகிற ஒரு உலோகத்தை உள்ளே ஊற்றி, ஆறியதும் அச்சாக வெளியே தள்ளி அளப்பார்கள். அந்த உலோகம் தீர்ந்திருந்தது. பார்சல் வர நான்கு நாள் ஆகும். அந்த இடைவெளியில் உஸ்தாத்துக்குக் கடைவாய்ப் பல் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் லீவு போட்டார். போகும்போது துப்பாக்கியைக் காட்டி, என்னைக் காட்டி, "ஹாத் மத் லகானா" என்றார். கை வைக்காதே என்று அர்த்தம். எனக்கு ஹிந்தி சரியாகத் தெரியாது என்று பிற்பாடு சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

உஸ்தாத் வருவதற்குள் அளவைத் தயாராக எடுத்துவைத்தால், மறுநாளே என்னை அட்டை கட்டுகிற மேசையிலிருந்து லேத்துக்கு மாற்றிவிடுவார் என்பது என் கணக்கு. அச்சு எடுப்பதைப் பற்றி மூன்று வீடியோ பார்த்தேன். மூன்றாவதை இரண்டு மடங்கு வேகத்தில். உலோகம் இல்லாவிட்டால் என்ன, இரண்டு டியூபைக் கலந்தால் கல்லாக இறுகுகிற பிசின் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறதே! பிசின் பேரலுக்குள் ஓடிவிடாமல் ஒரு அடைப்பு வேண்டும். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க எண்ணெய் வேண்டும். இரண்டையும் தந்தவர் என் அறையில் உடன் இருந்த சாத்தூர் முருகேசண்ணன். பட்டறையின் பிக்கப் டிரைவர்.

"எதுக்குடா குபூஸக் கேக்குற? சாப்பிட்டுட்டுத்தான வந்த?"

"பேரலை அடைக்கணும்ணே."

"ரொட்டிய வச்சா?"

"பிசைஞ்சு திணிச்சா கார்க் மாதிரிண்ணே. அப்புறம் குச்சிய வச்சுத் தள்ளிட்டா வந்துரும்."

"என்னமோ, இன்ஜினியர் சொல்ற." தலைக்குத் தடவுகிற தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தார். "தீத்துராத. ஊர்ல இருந்து வந்தது."

பட்டறையில் ஏசி பதினெட்டில் ஓடும். எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. இதுவும் நல்லதுதான், வழியாமல் நிற்கும் என்று நினைத்து, முதலில் குபூஸைத் திணித்துவிட்டு, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது போல உள்ளே தடவினேன். பிசினை ஊற்றினேன். இறுக இருபத்து நான்கு மணி நேரம் என்று டப்பாவில் போட்டிருந்தது. எனக்கு ஏது அவ்வளவு பொறுமை? சூட்டில் சீக்கிரம் இறுகும் என்று இரண்டாவது வீடியோக்காரர் சொல்லியிருந்தார். ஜூன் மாதம், நடுப்பகல். பட்டறைப் பின்முற்றத்தின் இரும்புக் கதவைப் பூட்டிவிட்டு, துப்பாக்கியை வெயிலில் சாத்தி வைத்தேன்.

ஏசியில் உறைந்த தேங்காய் எண்ணெய் வெயிலில் என்ன செய்யும் என்பது, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு தெருவில் நடந்த எந்தத் தமிழனுக்கும் தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை. அது உருகி, கசிந்து, குபூஸில் ஊறிவிட்டது. பிசின் வெறும் இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

குச்சியால் தள்ளினேன். அசையவில்லை. முருகேசண்ணனும் நானும் சேர்ந்து தள்ளினோம். குச்சி வளைந்தது.

"அண்ணே, வரமாட்டேங்குது."

"எப்படி வரும்? சாப்பிட்டது செமிக்க வேண்டாமா?"

மறுநாள் உஸ்தாத் வந்தார். வாயில் பஞ்சு, கன்னம் இட்லியாக வீங்கியிருந்தது. டார்ச் அடித்துப் பேரலுக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பேரலைப் பார்த்தார். திட்டுவதற்கென்றே வாழ்நாளில் வாய்த்த ஒரு நாளில் அந்த மனிதருக்கு வாய் திறக்கவில்லை. "ம்ம்ம்!" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து எதையோ எழுதி நீட்டினார். உருது. எனக்குப் படிக்கத் தெரியாததைக் கடவுளின் கருணை என்றுதான் சொல்ல வேண்டும்.

துளைபோட்டு எடுக்கலாமே என்றேன். கூடாது என்று கையை ஆட்டினார். அவ்வளவு பழைய இரும்பைத் துளைத்துக் காயப்படுத்தினால், அதற்குப் பிறகு அதில் எந்தத் தோட்டாவையும் நம்பிப் போட முடியாது. முகத்துக்கு நேரே வெடித்தால் யார் பதில் சொல்வது? ஆக, அந்தத் துப்பாக்கி இனி சுடாது. கலாஸ், முடிந்தது.

பாபா வந்தபோது நானே சொல்லட்டும் என்று உஸ்தாத் சுவரில் சாய்ந்துகொண்டார். எனக்குத் தெரிந்த அரபியும் ஹிந்தியும் சேர்த்து ஒரு பத்து வார்த்தை. அதில் ஒப்புக்கொண்டேன். பாபா துப்பாக்கியை வாங்கி மடியில் கிடத்தி, அதன் கட்டையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"உள்ளே என்ன?"

"குபூஸ், பாபா."

"குபூஸ்?"

"குபூஸ்."

குழல் வாயை மூக்குக்கு அருகே கொண்டுபோனார். "தேங்காய் வாசனை."

"ஆமாம், பாபா."

போலீஸுக்குப் போவாரா, முதலாளி அர்பாபிடம் சொல்லி என் விசாவைக் கேன்சல் செய்யவைப்பாரா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்தார். துப்பாக்கியின் மேல் விரலை வைத்தார், பிறகு அதே விரலை என் தொண்டையில் வைத்தார். "இதன் சத்தத்தை நீ எடுத்தாய். கல்யாணத்துக்கு நீ வா. நீ கொடு."

போனேன். இன்டர்வியூவுக்குப் போட்ட அதே முழுக்கைச் சட்டை. முருகேசண்ணன்தான் வண்டி ஓட்டினார். மைதானத்தில் வெள்ளை உடுப்பில் ஆண்கள் இரண்டு வரிசையாக நின்று பாடினார்கள். இளைஞர்கள் துப்பாக்கியைச் சுழற்றி மேலே வீசிப் பிடித்தார்கள். ஒவ்வொருவராக வானத்தைப் பார்த்து வெற்றுத் தோட்டா வெடித்தார்கள். கடைசியில் பாபா எழுந்தார். மத்தளம் நின்றது. அவர் துப்பாக்கியை உயர்த்தி, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

"டூம்" என்றேன்.

"மாஃபி!" என்று அதட்டினார். அது சத்தமே இல்லையாம்.

மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து, மொத்தக் கிராமமும் திரும்பிப் பார்க்கும்படி, "டூஊஊம்!" என்று கத்தினேன். பாபாவின் தோள் பின்னால் ஒரு வெட்டு வெட்டியது, நிஜமாகவே துப்பாக்கி உதைத்தது போல. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். அதன்பின் யாராலும் அடக்க முடியவில்லை. "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கேட்டுக் கேட்டு, ஆட்டுக்கறிச் சோறு வருகிற நேரத்தில் என் தொண்டையில் காற்று மட்டும்தான் மிச்சம்.

இதை முருகேசண்ணன் வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பினார். மறுநாள் அம்மா போன் செய்தார். "ஏன்டா, ஊருக்கே வெடி செஞ்சு அனுப்புற ஊர்ல பொறந்துட்டு, அங்க போயி வாயாலயா வெடி போடுற?" ஆயுதத் துறைப் பேச்சு அத்தோடு நின்றது. நானும் லேத் ஆசையை விட்டுவிட்டு, ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் விற்பனைக்கு மாறினேன். என் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டுவதற்கு ஒரு நொடி முன்னால் சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "டூம்!" என்றார்கள். தவில்காரர் பயந்து தாளத்தை விட்டார். நான் தாலி கட்டிய கையோடு என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "என்னங்க இது?"

இன்று எங்கள் அஜ்மான் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டால் நான் சமையலறைப் பக்கமே போகக் கூடாது. குபூஸும் தேங்காய் எண்ணெயும் எனக்கு எட்டாத அலமாரித் தட்டில் இருக்கின்றன.

பாபாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அந்தத் துப்பாக்கி அவர் வீட்டு வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. ஒவ்வொரு பெருநாள் காலையிலும் அவரிடமிருந்து போன் வரும். எடுத்தால் ஹலோ கிடையாது, சலாம் கிடையாது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நான் செய்ய வேண்டியதைச் செய்த பிறகுதான் பேச ஆரம்பிப்பார். போன பெருநாளுக்கு நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். மனைவிதான் போனை எடுத்தாள். ஒரு நிமிஷம் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு குளியலறைக்குள் கையை நீட்டினாள்.

"பாபா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு. சுடுங்க."