ஏழுமலை அண்ணனுக்கு என்ன வியாதி?

வாயை மூடிக்கொண்டிருந்தால் வம்பு வராது என்று எவன் சொன்னானோ, அவன் எங்கள் ஊர் புதுப்பட்டினத்தில் ஒரு நாள்கூட நர்ஸாக இருந்ததில்லை.

செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். (கழுத்தில் ஐடி கார்டு தொங்கினால் டாக்டருக்கு அடுத்த ஆள் நான்தான் என்கிற நினைப்பு.) எங்கள் தெருவில் போட் வைத்திருக்கும் ஏழுமலை அண்ணன் என் வார்டுக்கே வந்து சேர்ந்தார். மூலத்துக்கு ஆபரேஷன். என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"தங்கச்சி, இத்த மட்டும் ஊர்ல சொல்லிடாத. போட்ல கீற பசங்க ஓட்டியே சாவடிச்சுடுவானுங்க."

"நோயாளி விஷயம் என் உயிரே போனாலும் வெளிய போவாதுண்ணா" என்றேன். சினிமா வசனம் மாதிரி இருந்தாலும் மனசாரத்தான் சொன்னேன்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மீன் விற்கும் அக்காக்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாடி, ஏழுமலைக்கு இன்னா?"

"சொல்ல முடியாதுக்கா."

முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது காலேஜில் படித்த பாடம். அப்படியே செய்தேன். (வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் அந்த முகத்தைப் போட்டுப் பார்த்தேன். எழவு வீட்டுக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தது.)

அவ்வளவுதான், விடிவதற்குள் அண்ணனுக்குக் கேன்சர் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இல்லை, மீன் மார்க்கெட்டில்!

அண்ணனின் மகளுக்கு அந்த வாரம் நிச்சயதார்த்தம். மகாபலிபுரம் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா ஆட்டோ பிடித்து நேரே என் வாசலுக்கு வந்துவிட்டார்.

"பெரிய வியாதி இல்லன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லும்மா. நாங்க பாட்டுக்குப் போய்கினே இருக்கோம்."

இல்லை என்று சொன்னால், அப்ப சின்ன வியாதி இன்னா என்பார். எனக்குத் தெரியாதா இவர்களை! மறுபடியும் அதே முகம், அதே பதில்.

"இவ மூஞ்சியே சொல்லுதே! நிச்சயத்த நிறுத்துங்கடா!" என்று அந்தம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். எதிர் வாசலில் நின்றிருந்த அண்ணன் மகள் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் டிஸ்சார்ஜ் ஆகி வந்து இறங்கினார். என்ன விஷயம் என்று கேட்டார். மகளைப் பார்த்தார். மானமாவது மண்ணாவது, கத்தினார்:

"எனக்கு மூலம்யா! மூலம்! ஆபரேசன் ஆயி நல்லாத்தான் கீறேன்! உக்காரத்தான் முடியல!"

தெருக்கோடி வரை கேட்டது. நிச்சயம் பிழைத்தது. அண்ணன் என் பக்கம் திரும்பி, "உன்னாலதான் என் மானம் போச்சு" என்றார்.

என்னாலயா? வந்ததே எனக்குக் கோபம்! கேன்சர் கொடுத்தது மார்க்கெட், கூவியது நீங்கள், பழி மட்டும் வாயே திறக்காத எனக்கா? இது எந்த ஊர் நியாயம்? (அவரைக் கேட்டுவிட்டுத்தான் இதையும் எழுதுகிறேன். "இனிமே இன்னா மறைக்கிறது, எழுதிக்கோ" என்றார்.)

இன்றைக்கும் வீட்டில் என்ன குழம்பு என்று பிள்ளைகள் கேட்டால், "அம்மா சொல்ல மாட்டா, மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிங்க" என்கிறார் என் வீட்டுக்காரர். சிரிக்கட்டும்.

அன்றைக்கு என்னைச் சூழ்ந்துகொண்ட கூட்டத்திலிருந்தே ஒருத்தி, பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்தாள். கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"வூட்ல கூட சொல்லல. கழுத்த நெரிச்சாலும் நீ சொல்ல மாட்டேன்னுதான் உன்னத் தேடி வந்தேன்."

யார் அவள், அவளுக்கு என்ன என்றா கேட்கிறீர்கள்? நல்லா இருக்கே!